உடுக்கத் துணி தேடிய காடு

மொதல்ல போனது என்னோட வேட்டிதான், அதுல எனக்கு இன்னைக்கும் ஒரு வருத்தம் இருக்குங்க, ஏன்னா ஊருல எத்தனையோ வீட்டுக் கொடியில எத்தனையோ துணி காஞ்சுட்டிருக்க, பங்குனி மாசத்து உச்சி வெயில்ல, காத்துங்கறதே துளி இல்லாத நேரத்துல, எங்க வீட்டுக் கொடியில கெடந்த எட்டு முழ வேட்டி மட்டும் கிளிப்பைத் தானே கழட்டிட்டுக் கீழ எறங்கி, வாசலைத் தாண்டி, ரெண்டு பக்கமும் வேலி இருக்கற இட்டேரி வழியா தரையோட தரையா ஊர்ந்து, தார் ரோட்டுக்கிட்ட வந்ததும் மினி பஸ் போகட்டும்னு நின்னு, பஸ் போனதும் ரோட்டைக் கடந்து, எதுத்தாப்புல இருக்கற மயிலாத்தா காட்டுக்குள்ள போயி நல்லா நீட்டி விரிச்சுப் படுத்துக்கிச்சு. நான் வேப்ப மரத்தடியில டிராக்டருக்கு கிரீஸ் வெச்சுட்டே இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் இருந்தேன். சாயங்காலம் சுலோச்சனா வந்து கேட்டா என்ன சொல்றதுங்கற கவலைதான் எனக்கு வந்துச்சு, வேற ஒண்ணும் தோணல.

சுலோச்சனா என் சம்சாரம். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை, ஒரு தையல் விட்டிருந்தாலும் அவ கண்ணு கண்டுபிடிச்சிரும். கம்பெனி வேன்ல வந்து எறங்குனவ கொடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"ஏனுங்க, வேட்டி எங்க?"

"மயிலக்கா காட்டுக்குப் போயிருக்கு."

"ஆருகிட்டக் குடுத்து விட்டீங்க?"

"தானாத்தான் போச்சு."

கிட்ட வந்து என் வாயை மோந்து பார்த்தா. குடிக்கலைன்னு தெரிஞ்சதும்தான் கோபம் ஜாஸ்தியாச்சு. குடிச்சிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்னா.

எங்க கரட்டுப்புதூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடுன்னுதான் சொல்லுவோம், அதுல மரம் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. மயிலாத்தா காட்டுல மரம் என்ன, புல்லே கெடையாது. மயிலக்கா பாதி ஆயுசை பனியன் கம்பெனியிலயே தேச்சது. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, புள்ளை குட்டி இல்ல, பஞ்சுத் தூசி நெஞ்சுல ஏறி நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், இனிமே மெஷின் இருக்கற பக்கமே தலைவெச்சுப் படுக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரி, காடாவது இருக்கேன்னு திரும்பி வந்து பார்த்தா, இத்தனை காலமா குத்தகைக்கு ஓட்டுனவங்க களைக்கொல்லி அடிச்சு அடிச்சு, அறுத்த தாளுக்குத் தீ வெச்சு வெச்சு, உழுது உழுது மல்லாக்கப் போட்டு வெயில்ல விட்டுட்டுப் போயிருந்தாங்க. மண்ணு வெளுத்துப் போயி, அள்ளுனா விரல் இடுக்குல மாவாட்டம் வழிஞ்சிரும், கையில துளி ஒட்டாது. மழை பேஞ்சா தண்ணி உள்ள எறங்காம ரோட்டுக்கு ஓடி வந்துரும். அக்கா ரெண்டு தடவை சோளம் வெதைச்சுப் பார்த்துச்சு, ரெண்டு தடவையும் மொளைச்சதெல்லாம் மஞ்சளா நின்னு கருகிப் போச்சு. அந்த மண்ணுதான் வெயில் தாங்காம துணி தேட ஆரம்பிச்சுது, அப்படின்னு இப்போ சொல்றேன், அப்போ எவனுக்கும் ஒண்ணும் வெளங்கல.

என் வேட்டிக்கு அடுத்து ரேஷன் கடைக்காரர் வீட்டுப் போர்வை போச்சு, அதுக்கப்புறம் டீக்கடைத் துண்டு, டீச்சர் வீட்டுச் சுடிதார், ஆருதுன்னு கடைசி வரைக்கும் ஆரும் ஒத்துக்காத ஒரு ஓட்டை பனியன், இப்படி ஒண்ணொண்ணா எறங்கி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையில ரோட்டைத் தாண்டிப் போயி, கையை நீட்டி, காலை நீட்டி, முந்தானையை விரிச்சு, எங்கெங்க மண்ணு தெரியுதோ அங்கங்க படுத்துக்கும். வெயில் இருக்கற வரைக்கும் நாலு ஆளு சேர்ந்து இழுத்தாலும் வராது. பொழுது சாஞ்சதும் காடு தானா பிடியை விட்டுரும். அத்தனை நேரம் மண்ணுல கெடந்த துணியில ஒரு பொட்டு அழுக்கு இருக்காதுங்க, அந்த மண்ணுக்கு ஒரு வேட்டியை அழுக்காக்கற சீவன் கூட இல்ல.

பொழுதோட மயிலக்கா அத்தனையும் பொறுக்கி, உதறி, மடிச்சு, மூட்டை கட்டி, வீடு வீடாக் கொண்டு போயிக் குடுக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கும். கையை மட்டும் நீட்டி, "கோவிச்சுக்காதீங்க கண்ணு, வேணும்னு பண்ணல அது"ன்னு சொல்லும். திருட்டுப் புள்ளையைப் பெத்தவ முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அக்கா முகமும் இருக்கும், பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருக்கும். உள்ள வாங்கக்கான்னு நான் கூப்பிட்டா, இன்னும் நாலு வீட்டுக்குக் குடுக்கணும் தம்பின்னு மூச்சு வாங்கிட்டே நகர்ந்துரும்.

ஒரு வாரத்துல ஊரு பழகிருச்சு. என்ன பண்றது, பழகித்தானே ஆகணும். ஈரத் துணியைக் கொடியில போட்டாப் போதும், மத்தியானம் தானாப் போயி, நல்லாக் காஞ்சு, சாயங்காலம் மடிச்சே வந்துருதேன்னு சில பொம்பளைங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். கம்பளி, ஜமுக்காளம்னு கனமானதையெல்லாம் எடுத்து நனைச்சுப் போட்டாங்க. ஆம்பளைங்க மயிலாத்தா லாண்டரின்னு பேரு வெச்சுச் சிரிச்சாங்க. காட்டுக்கு எந்தத் துணி பிடிக்கும்னு டீக்கடையில தெனமும் பேச்சு நடக்கும், பருத்தின்னா விடாது, பாலியஸ்டர்னா கடைசியாத்தான் எடுக்கும்னு ஆராய்ச்சியெல்லாம் பண்ணி வெச்சிருந்தாங்க. ஆனா ஏன் எடுக்குதுன்னு மட்டும் ஆரும் கேக்கல. நானும் கேக்கல.

அப்புறம்தான் வினை வந்துச்சு. ரேஷன் கடைக்காரர் மகளைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையலம்ப எந்திரிச்சப்போ, மாப்பிள்ளையோட அப்பா தோள்ல கெடந்த துண்டு மெதுவா எறங்கி வாசலைப் பார்த்துப் போக ஆரம்பிச்சுது. அவரு பின்னாலயே போனாரு. துண்டு காட்டுல போயிப் படுத்துருச்சு. அவரு இழுத்தாரு, வரல. சட்டையும் சேர்ந்து பட்டன் பட்டனா அவுர ஆரம்பிச்சதும், மனுஷன் ரெண்டு கையாலயும் மாரைப் பிடிச்சுக்கிட்டு காருக்கு ஓடுனவருதான், சம்பந்தமும் அந்தக் காரோட போயிருச்சு.

அடுத்த நாளே மாகாளியாத்தா கோயில் முன்னால ஊர்க்கூட்டம். எங்க ஊருக்குப் பெரிய மனுஷன் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன். கம்பெனியில அவரு கத்தி வெச்சா மறு பேச்சு இல்ல, ஊருலயும் அப்படித்தான். ரேஷன் கடைக்காரர் அழுகாத குறையா எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும், தாராபுரம் ரோட்டுல மனை போட்டு விக்கற சைட்டுக்காரர் ஒருத்தர், அவரை ஆரு கூப்பிட்டாங்கன்னு தெரியல, எந்திரிச்சாரு.

"மூடறதுக்குத்தானுங்க அது துணி தேடுது? அந்தக் காட்டை எனக்குக் குடுத்துருங்க. காங்கிரீட் போட்டு மூடித் தர்றேன். அப்புறம் ஜென்மத்துக்கும் ஒரு கைக்குட்டை காணாமப் போகாது."

கூட்டத்துல பாதிப் பேரு தலையை ஆட்டுனாங்க. மாஸ்டர் மயிலக்காவைப் பார்த்து, "நீ என்ன சொல்றே மயிலாத்தா?"ன்னாரு.

அக்கா எந்திரிச்சு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, "அதுக்கு மூச்சு முட்டுமுங்க"ன்னு சொல்லுச்சு. "மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது போகட்டும், அந்தக் காடும் போச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்? மெஷினுக்கும் ஆக மாட்டேன், வேற ஒரு வேலையும் தெரியாது."

ஊருக்குப் பாவமா இருந்துச்சு, ஆனா பயமாவும் இருந்துச்சு. அப்போதான் மாஸ்டர் மோவாயைத் தடவிக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரு, உலகத்துல வேற எந்த ஊருக்காரனுக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது. காட்டுக்கு துணி வேணும், அவ்வளவுதானே, நாம தெச்சுக் குடுத்துரலாம்னாரு.

ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துட்டு மாஸ்டரும் நானும் காட்டை அளந்தோம். அளந்து முடிச்சதும் சண்டை வந்துச்சு. கழுத்து எந்தப் பக்கம் வெக்கறதுன்னு ஒரு கூட்டம், கை வேணுமா வேண்டாமான்னு ஒரு கூட்டம், காட்டுக்கு முன்பக்கம் ரோடா பாழுங்கெணறான்னு ஒரு கூட்டம், சுருங்குனா என்ன பண்றதுன்னு கேட்டு சுலோச்சனா தனிக் கட்சி. நமக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியல. கடைசியில வட்டக் கழுத்து, அரைக்கைன்னு முடிவாச்சு. கம்பெனியில விளையாட்டு ஜெர்சி தெச்சு மிஞ்சுன வேஸ்ட் துணி லாரி நெறையா வந்து எறங்குச்சு, செவப்பு, ஊதா, கிளிப்பச்சை, எல்லாமே பாலியஸ்டர். வீட்டு வீட்டுக்கு ஓவர்லாக் மெஷின் ஓட, ஊரே உக்காந்து தெச்சுது. எங்க கரட்டுப்புதூர்க்காரங்க வெளிநாட்டுக்காரனுக்குத் தெச்சது எவ்வளவோ இருக்கும், ஆனா எல்லாரும் ஒரே துணியில கை வெச்சது அது ஒண்ணுதான். சுலோச்சனா முட்டி போட்டுட்டு ஓரம் பூரா நடந்து செக்கிங் பண்ணுனா. என் டிராக்டர்ல கட்டி இழுத்துத்தான் காட்டுக்குப் போட்டு விட்டோம். மயிலக்காவுக்கு நம்பிக்கை இருந்துச்சான்னு தெரியல. ஊரு தன் காட்டுக்கு இத்தனை பண்ணுதேன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே நின்னுச்சு.

காடு சும்மா கெடந்துச்சு. ஊருத் துணியெல்லாம் கொடியிலயே இருந்துச்சு. அப்பாடான்னு நாங்க உக்காரப் போறோம், சித்திரை வெயில் ஏற ஏற அந்தச் சட்டைக்கடியில இருந்து ஒரு வாடை வந்துச்சு, பூட்டி வெச்ச ரூமுல வர்ற வாடை. ஒரு நாள் மத்தியானம் காடு அந்தச் சட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் கழட்டி ரோட்டுல எறிஞ்சுது பாருங்க, ரெண்டு பக்கமும் பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. எறிஞ்சுட்டு முன்னைவிட வெறியா எடுக்க ஆரம்பிச்சுது. ஜன்னல் தெரையை எடுத்துச்சு, தலகாணி உறையை எடுத்துச்சு, வேடிக்கை பார்க்க வந்த சைட்டுக்காரர் காரு மேல மூடியிருந்த உறையையும் எடுத்துச்சு. அதுல மட்டும் ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அந்தச் சமயத்துலதான் வேளாண்மை ஆபீசுல இருந்து ஒரு மேடம் வந்தாங்க, வேற எதையோ கணக்கெடுக்க வந்தவங்க. மத்தியான நேரம். என் லுங்கி ரோட்டைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டு ஸ்கூட்டியை நிறுத்தி அதுக்கு வழி விட்டாங்க. அது காட்டுல படுத்ததும் எறங்கிப் போயி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாங்க, வழிஞ்சிருச்சு.

"இது ஆரோட காடு?"ன்னு கேட்டாங்க. மயிலக்கா பயந்துக்கிட்டே முன்னால வந்துச்சு.

"வெறும் மண்ணை வெயில்ல போட்டு வெச்சா அது என்னம்மா பண்ணும்? அது மேல ஏதாச்சும் உசுரோட இருக்கணும். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு போடுங்க. கூடவே தட்டைப்பயறு, கம்பு, கொள்ளு, எது கெடைக்குதோ கலந்து வெதைங்க. மண்ணு தெரியக் கூடாது. பூ வந்ததும் மடக்கி உழுதுருங்க, உள்ள போயி மக்கட்டும். காய் பிடிக்க விட்டுறாதீங்க, விட்டா மண்ணுக்குப் போக வேண்டியது காய்க்குப் போயிரும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. துணி நடந்து போறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வெதை எங்க கெடைக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு நின்னோம்.

ஊர்க்கூட்டம் மறுபடியும் கூடி, சரி, அதையும் பார்த்துரலாம்னு ஒத்துக்கிச்சு. ஆனா மாஸ்டருக்குத் தன் சட்டையைக் காடு கழட்டி எறிஞ்ச கோபம் உள்ள இருந்துச்சு. "வெதைச்சது மண்ணை மூடுனதுக்கப்புறம் ஒரே ஒரு துணி காணாமப் போனாலும் காடு சைட்டுக்காரருக்கு. சம்மதமா?"ன்னாரு. மயிலக்கா சம்மதம்னு சொல்லுச்சு. வேற என்ன சொல்ல முடியும்?

ஆடி மாசச் சாரல்ல வெதைச்சோம். துளி ஈரம் இருந்தாப் போதும், மொளைச்சுக்கற சாதி அது, அந்தச் செத்த மண்ணுலயும் மொளைச்சுது. பச்சை ஏற ஏற துணி போறது கொறைஞ்சுது. மொதல்ல பெரிய துணியை விட்டுது, அப்புறம் துண்டை விட்டுது, சணப்பு இடுப்பு ஒசரம் வந்து, தட்டைப்பயறு அது மேல ஏறிப் பிணைஞ்சு, குனிஞ்சு பார்த்தாலும் மண்ணு தெரியாதுங்கற நிலைமை வந்ததும் அடியோட நின்னு போச்சு. என் வேட்டி எங்க கொடியிலயே கெடந்து காஞ்சுது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. மயிலக்காவும் சாயங்காலத்துல வர்றதில்ல, வர்றதுக்கு ஒரு வேலையும் இல்லையே. சுலோச்சனா கூட ரெண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்துட்டு, ஆரையும் பார்க்கலைன்னு சொல்லிட்டு உள்ள போனா.

புரட்டாசி பொறந்ததும் சணப்பு பூத்துச்சு. ஆத்தாடி, அந்த மஞ்சளை நான் எப்படிச் சொல்றது? ரோட்டுல போற பஸ்ஸு நின்னு போச்சு, இந்தத் தடவை ஆசையில. கல்யாண சோடிங்க போட்டோ எடுக்க வந்தாங்க. ஆரோ வரப்புல ஒரு வெளக்கு வெச்சாங்க, ஆரோ மஞ்சத் துணி சுத்துன கல்லை நட்டாங்க, அம்மணமா நின்ன ஆத்தா பட்டு உடுத்தி பூ வெச்சுக்கிட்டான்னு பேச்சாயிப் போச்சு. சம்பந்தம் போன ரேஷன் கடைக்காரரே வந்து சூடம் கொளுத்தினாரு. மயிலக்காவைக் கண்டா எந்திரிச்சு நின்னாங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நான் நெனைச்சேன்.

அக்கா டிராக்டர்கிட்ட வந்துச்சு. "தம்பி, பூ வந்துருச்சு. நாளைக்கு ரொட்டவேட்டரை மாட்டிட்டு வா, மடக்கி உழுதுரலாம்."

சேதி தெரிஞ்சதும் ஊரு என் வீட்டுக்கு வந்துருச்சு. உடுத்தியிருக்கறதை உருவப் போறயாடா, நாளைக்கு மறுபடியும் எங்க துணி போச்சுன்னா நீ தருவயான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. சுலோச்சனா மட்டும் மெதுவா, "பூ வெச்சுட்டு நிக்கறவளைப் போயி எப்படிங்க?"ன்னு கேட்டா. வண்டியில டீசல் பம்ப் கோளாறுன்னு சொல்லிட்டு நாலஞ்சு நாள் ஒளிஞ்சுட்டிருந்தேன். உழுதா நல்லதா, உழுகாட்டி நல்லதா, ரெண்டுமே சரியாவும் இருந்துச்சு, ரெண்டுமே தப்பாவும் இருந்துச்சு, மண்டை காஞ்சு போச்சு எனக்கு.

அக்கா திரும்பவும் வந்துச்சு. பம்ப்புல கோளாறு இல்லைன்னு அதுக்குத் தெரியும், அதைப் பத்திக் கேக்கல.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க, உழுதா மறுபடியும் அது துணிக்கு அலையாதா?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி? மேடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன், பூவுல உழுதாத்தான் மக்கும், தண்டு முத்துனா நாராயிரும்னாங்க. துணியைப் பத்திக் கேட்டேன், அது எனக்குத் தெரியாதுன்னுட்டாங்க."

"அப்போ எதுக்குங்க? இப்படியே இருக்கட்டுமே. இப்போ காடும் உங்களுது, ஊரும் கும்பிடுது."

அக்கா தரையில உக்காந்துச்சு. "நேத்து உள்ள போயி மண்ணை அள்ளிப் பார்த்தேன். நெழலுக்குக் குளுந்து கெடக்கு, அவ்வளவுதான். இன்னும் கையில ஒட்டல. செத்துத்தான் கெடக்கு தம்பி. செத்ததுக்கு மேல பூவை வெச்சுட்டுக் கும்பிட்டுட்டு இருக்கச் சொல்றயா? அதுக்கு நான் சைட்டுக்காரருக்கே குடுத்துருவேனே." சேலையைத் தட்டிட்டு எந்திரிச்சு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வா,"ன்னு சொல்லுச்சு.

போனேன். தேனீ மொய்க்கற பூவுக்குள்ள வண்டியை விட்டு, முன்னால மஞ்சளும் பின்னால கருவலுமா, ஊரு பூரா வரப்புல நின்னு வாயைப் பொத்திக்கிட்டுப் பார்க்க, சில பொம்பளைங்க அழுக, ஒரு மூலையில இருந்து மறு மூலை வரைக்கும் மடக்கி உழுதேன். பச்சை வாடை மூக்கைத் துளைச்சுது. எறங்கும்போது காடு என்னை ஏதாச்சும் பண்ணும்னு நெனைச்சேன், ஒண்ணும் பண்ணல.

மறுநாள் மத்தியானம் ஊருல ஒரு கொடியிலயும் ஒரு துணி இல்ல. எல்லாம் பீரோவுக்குள்ள. சைட்டுக்காரர் காரை ரோட்டோரம் நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தாரு. அப்போ மயிலக்கா கையில ஒரு சேலையோட காட்டுக்குள்ள எறங்குச்சு. அதோட கல்யாணக் கூறைச்சேலை, பருத்தி, ஓரத்துல ஜரிகை, புருஷன் கையால வாங்குனது அது ஒண்ணுதான் மிச்சம்னு எல்லாருக்கும் தெரியும். காட்டு நடுவுல சேலையை விரிச்சு, ரெண்டு கையாலயும் உழுத மண்ணைத் தள்ளி அதை மூடுச்சு.

மாஸ்டர் வரப்புல நின்னு, "என்ன மயிலாத்தா பண்றே?"ன்னாரு.

"வேணும்னா இதை எடுத்துக்கட்டும். மத்தவங்களுதைத் தொட வேண்டாம்."

மாஸ்டர் யோசிச்சாரு. "குடுத்தா அது திருட்டு ஆகாது. ஆனா அடுத்த வெதைப்பு அன்னைக்குத் தோண்டி எடுத்து ஊருக்கு முழுசாக் காட்டணும். இல்லைன்னா அதுவும் காணாமப் போன கணக்குத்தான்."

அன்னைக்கு ஒண்ணும் நடக்கல, அதுக்கடுத்த நாளும் நடக்கல. பயந்து பயந்து ஒரு கைக்குட்டையை வெளியில போட்டோம், அப்புறம் ஒரு துண்டு, அப்புறம் வேட்டி. எதுவும் நகரல. சேலை இருக்கறதாலதான் சும்மா இருக்கு, எடுத்துப் பாருங்க தெரியும்னு சைட்டுக்காரர் டீக்கடையில சொல்லிட்டிருந்தாரு. அவரு சொல்றது சரியா இருக்குமோன்னுதான் எனக்கும் பட்டுச்சு. புரட்டாசி மழை வந்துச்சு, பேஞ்ச தண்ணி ரோட்டுக்கு வரல. அது எங்க போச்சுன்னு கேட்டுட்டே நாங்க டீ குடிச்சோம்.

ஐப்பசியில வெதைக்கற அன்னைக்கு ஊரே வந்துருச்சு. அத்தனை வீட்டுக் கொடியிலயும் வேணும்னே துணி போட்டுட்டு வந்திருந்தாங்க. அக்கா நடுக்காட்டுல குனிஞ்சு கையால மண்ணைத் தள்ளுச்சு. இன்னும் தள்ளுச்சு. இடம் தப்பிப் போச்சோன்னு ஒரு எட்டுத் தள்ளிப் பார்த்துச்சு. நான் போயி மம்மட்டியால வெட்டினேன். சேலை இல்ல.

ரோட்டுல சைட்டுக்காரர் கார் கதவைத் திறந்து எறங்குனாரு. "காணாமப் போச்சா? எல்லாரும் பார்த்துக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல, நீங்க பேசுன பேச்சுத்தான்."

மயிலக்கா அப்படியே உக்காந்துருச்சு. மூச்சு இழுத்து இழுத்து வாங்குச்சு. சுலோச்சனா ஓடிப் போயி முதுகைத் தடவிக் குடுத்தா. நானே உழுது நானே வெட்டி அக்கா காட்டைப் பறிச்சுக் குடுத்துட்டேனேன்னு மம்மட்டியைக் கீழ போட்டேன்.

மாஸ்டர் செருப்பைக் கழட்டி விட்டுட்டு உள்ள வந்தாரு. முட்டி போட்டாரு. துணியில கத்தி வெக்கறதுக்கு முன்னால எப்படித் தடவிப் பார்ப்பாரோ அப்படி மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தாரு. ரெண்டு விரலால ஒரு நீளமான ஜரிகையை உருவி எடுத்தாரு. ஒரு நுனியில இருந்து மறு நுனி வரைக்கும் முழு ஓரமும் அப்படியே வந்துச்சு. அப்புறம் ஃபால்ஸ் வெச்சுத் தெச்சிருந்த நைலான் நூலு, ஒரு தையல் விடாம, தெச்சது தெச்ச மாதிரியே, துணி மட்டும் இல்லாம. அதுல ரெண்டு மண்புழு தொங்குச்சு.

"கிழிக்கல,"ன்னாரு மாஸ்டர். "வெட்டவும் இல்ல. பருத்தியை மட்டும் நூல் நூலா எடுத்திருக்கு. பங்குனியில இந்த மண்ணுல நாள் பூராக் கெடந்த துணி ஒரு அழுக்கு இல்லாமத் திரும்பி வந்துச்சு."

அக்கா தலையைத் தூக்கி அந்த ஜரிகையைப் பார்த்துச்சு. "உடுத்தறதுக்கு எடுக்கலைங்க,"ன்னு சொல்லுச்சு. "சாப்பிட்டிருக்கு. பசி வந்துருச்சு அதுக்கு." சொல்லிட்டு அழுதுச்சு. சுலோச்சனாவும் அழுதா, எதுக்குன்னு நான் இன்னும் கேக்கல.

சைட்டுக்காரர் வரப்புல இருந்தே, "சேலை எங்க, அதைச் சொல்லுங்க,"ன்னாரு.

மாஸ்டர் ஒரு கை மண்ணை அள்ளி மேல தூக்கிக் காட்டுனாரு. கருப்பா, கட்டி கட்டியா இருந்துச்சு, விரல் இடுக்குல வழியல. "இதோ இருக்கு. காணாமப் போகல." மண்ணைக் கீழ விட்டுட்டு கையைத் தட்டுனாரு, போகல. தன் வெள்ளைச் சட்டையில துடைச்சாரு, சட்டை கறையாச்சே தவிர கை சுத்தமாகல. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வெதைங்க,"ன்னுட்டு செருப்பைக் கையில எடுத்துட்டுப் போனாரு. உச்சி வெயில் ஏறி எறங்குச்சு, ஊருல ஒரு துணியும் கொடியை விட்டு எறங்கல.

அந்தச் சேலையைக் காடு தின்னுச்சா, இல்ல அக்கா குடுத்துச்சேன்னு வாங்கிக்கிச்சா, எது மொதல்ல, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. மேடத்துக்குத் தெரியலாம். நான் கேக்கல.

வெதைச்சுட்டு வீட்டுக்கு வந்தா, என் வேட்டியில முட்டிக்குக் கீழ ஒரே மண்ணு. சுலோச்சனா தேச்சுத் தேச்சுப் பார்த்துட்டு, இனி இது போகாதுங்க, காட்டுக்கே கட்டிட்டுப் போங்கன்னு திட்டிட்டிருந்தா. பொழுது சாய்ற நேரம். வாசல்ல ஆரோ நிக்கற மாதிரி இருந்துச்சு. எட்டிப் பார்த்தேன், மயிலக்கா. வழக்கமா நிக்கற எடத்துல, வாசப்படிக்கு அந்தப் பக்கம், ரெண்டு கையும் வெறுங்கையா, எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம நின்னுட்டிருந்துச்சு.

"என்னங்கக்கா?"

"குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி,"ன்னு சொல்லுச்சு. "சும்மாத்தான் வந்தேன்."

சுலோச்சனா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உள்ள கூப்பிட்டா. அக்கா வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சு. தரையெல்லாம் மண்ணுக் காலடி விழுந்துச்சு. சுலோச்சனா அதைக் கூட்டல, டீ வெக்கப் போனா.